ஒருமுறை மட்டும் சுழன்ற இசைத்தட்டு

வேலையில் நான் பிழையே செய்ததில்லை என்று சொல்லமாட்டேன். விளம்பரத்துக்குப் பேச வந்தவரின் குரலைப் பாதியில் அழித்துத் தொலைத்திருக்கிறேன். மறுநாள் அவரைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து மறுபடி பேசவைத்தால் தீர்ந்தது. மறுபடி கூப்பிடவே முடியாத ஒரு குரலை நான் தொலைத்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான்.

துபாய்க்கு வந்து பத்தொன்பது வருடங்கள் ஆகின்றன. வீடு கராமாவில். மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. நான் கிடங்குகளுக்கு நடுவே இருக்கிற ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அரபியிலும் இந்தியிலும் மலையாளத்திலும் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். இடையிடையே பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச்சொல்லிச் சிலர் வருவார்கள். யாருடையதோ கல்யாண நாதஸ்வரம், இறந்துபோன அப்பா ஊரிலிருந்து பேசி அனுப்பிய கேசட். எனக்கு அந்த வேலைதான் பிடிக்கும்.

அப்படித்தான் அந்த இத்தாலியரும் வந்தார். அறுபதைத் தாண்டியவர். பளிங்குக் கற்களை இறக்குமதி செய்து கட்டடங்களுக்குக் கொடுக்கிற தொழில். ஒரு மரப்பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, திறக்காமல், அதன்மேல் கையை வைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் பேசினார்.

"என் அம்மா ஒரு ஆப்பரா பாடகி. அறுபது வருஷத்துக்கு முந்தி. இது அவருடைய குரல்."

பெட்டியில் மூன்று இசைத்தட்டுகள் இருந்தன. கடையில் விற்கிற தட்டுகள் அல்ல. அலுமினியத் தகட்டின்மேல் அரக்குப் போன்ற கறுப்பு லாக்கர் பூசி, ஒரு கருவியால் வீட்டிலேயே ஒலியை வெட்டிப் பதிந்துகொள்கிற வகை. முதல் இரண்டைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கறுப்புப் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்து, அடியில் வெள்ளைத் தகடு பளபளத்தது. மூன்றாவது மட்டும் முழுசாக இருந்தது. அதிலும் வற்றிய குளத்துச் சேறுபோல மெல்லிய வெடிப்புகள்.

"எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அம்மாவை இங்கே கூட்டி வந்தபோது சாமான்களை ஷார்ஜாவில் என் கிடங்கில் வைத்தேன். இரண்டு கோடை. அங்கே ஏசி கிடையாது. எனக்குத் தெரியாது. கல் வைக்கிற இடம், கல்லுக்கு வெயில் ஒன்றும் செய்யாது."

அந்த மூன்றாவது தட்டில்தான் மிலான் நகரத்தின் பெரிய அரங்கில் அவருடைய அம்மா பாடிய இசைநாடகத்தின் மூன்றாம் அங்கத்துப் பாட்டு இருந்தது. ஊசியை ஒருமுறை வைக்கலாம், இரண்டாவது முறை வைத்தால் பூச்சு நிற்காது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். கிளம்பும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. பாட்டு இருக்கிற நாளில் அவர் வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டார், குரலுக்கு ஓய்வு. வேண்டியதைக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். எனக்கு ஞாபகமிருப்பது அந்தக் காகிதங்கள்தான்."

தட்டைச் சுத்தம் செய்து, அதற்கேற்ற ஊசியை வரவழைக்க எனக்குப் பத்து நாள் தேவைப்பட்டது. அந்தப் பத்து நாளில் அவருடைய அம்மாவே இரண்டு முறை கூடத்துக்கு வந்தார். தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். தொண்ணூற்றிரண்டு வயது. மெலிந்த உடம்பு, சக்கர நாற்காலி, கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு பட்டுத் துணி. கூடவே அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண். இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், எங்கள் பேச்சு போலவே தமிழ் பேசுபவர். இத்தாலியில் பதினொரு வருடம் அந்த அம்மாளின் வீட்டிலேயே வேலை செய்து, மொழியைக் கற்று, அவருடனேயே துபாய்க்கும் வந்துவிட்டவர். அந்த அம்மாளுக்கு இப்போது குரலே கிடையாது. காற்று மட்டும் வரும். அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டு, அந்தப் பெண் எனக்குத் தமிழில் சொல்வார்; 'சார்' என்பது அவர் வாயில் 'சேர்'. அந்த இத்தாலியப் பாடகியின் வாழ்க்கையை நான் மலையகத் தமிழில்தான் கேட்டேன்.

ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர். அப்பா சைக்கிள் பழுதுபார்ப்பவர். பதினைந்து வயதில் தொப்பி செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்கே பெண்கள் வேலை அலுப்புக்குப் பாடுவார்கள். இவர் குரல் கூட்டத்துக்கு மேலே தனியாகத் தெரிந்ததால் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் வந்து அப்பாவிடம் பேசியிருக்கிறார்.

"பொம்பளக் குரல்லயே ரொம்ப உசரத்துல போறது இருக்கில்ல சேர், அதுக்கு சொப்ரானோன்னு சொல்லுவாங்க. அம்மாவுக்கு அந்தக் குரலு. மிலான்ல ஒரு வாத்தியாரம்மா. மூணு வருசம் ஒரு பாட்டுக்கூட பாட விடலயாம். ஆ, ஈ, ஊன்னு மட்டும்தான். 'நான் பிள்ளையா, ஆடா?'ன்னு அழுதிருக்காங்க."

இருபத்து மூன்று வயதில் முதல் மேடை. பிறகு சின்னச் சின்ன ஊர்கள், ரயில், குளிர்ந்த அறைகள், ஓரம் கிழிந்த அட்டைப்பெட்டி. அதன்பின் மிலானின் பெரிய அரங்கில் வேலை கிடைத்தது. பாட அல்ல, காத்திருக்க. பிரபலமான பாடகி ஒருத்திக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அவளுக்குப் பதிலாக மேடையேற, முழு ஆப்பராவையும் மனப்பாடம் செய்துகொண்டு, தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் வேலை. நாலு குளிர்காலம் அப்படிப் போயிற்று. இடையில் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த ஒருவரோடு கல்யாணமும் ஆனது.

அந்த அம்மாள் அந்தப் பெண்ணின் கையை இழுத்து ஏதோ சொன்னார். அந்தப் பெண் சிரித்தார்.

"இன்னொருத்திக்குக் காச்சல் வரணும்னு சாமிகிட்ட கேக்கலாமா, கேக்கக்கூடாதில்ல, ஆனா நான் கேட்டேன்னு சொல்றாங்க சேர்."

ஒருநாள் மாலை நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அன்றைய நிகழ்ச்சி வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகிற நாள். இவருடைய தம்பி ஊரில் ஒரு மின்சாமான் கடையில் வேலை பார்த்தார். கடையில் தட்டு வெட்டும் கருவி ஒன்று இருந்தது. வானொலிக்கு முன்னால் உட்கார்ந்து, கையிலிருந்த மூன்று தட்டுகளிலும் அக்காளின் குரலை வெட்டி வைத்தார். வானொலிக்காரர்கள் தங்கள் பதிவைப் பிறகு அழித்துவிட்டார்களாம்.

அந்த ஒரு இரவுக்குப் பிறகு ஆறேழு வருடங்கள் நல்ல வருடங்கள். லிஸ்பன், கெய்ரோ, புவனஸ் அயர்ஸ் வரை போய்ப் பாடியிருக்கிறார். மகன் பிறந்தான். முதல் முழு இசைத்தட்டுக்கு ஒப்பந்தமும் கையெழுத்தானது, இலையுதிர் காலத்தில் பதிவு. அதற்கு முந்தைய கோடையில் கழுத்தில் ஒரு வீக்கம். தைராய்டு. அறுவைச் சிகிச்சையில் கத்தி ஒரு நரம்பைத் தொட்டுவிட்டது. கண்விழித்துத் தண்ணீர் கேட்டபோது வேறு யாரோ கேட்பதுபோல இருந்ததாம். வயது முப்பத்து நாலு.

"அப்புறம்?" என்றேன்.

அந்தப் பெண் அம்மாளைக் கேட்காமலேயே சொன்னார். அவருக்கு அந்தக் கதை மனப்பாடம். "அப்புறம் எங்க சேர். ஊருக்கே போயிட்டாங்க. அங்க இருக்கிற தியேட்டர்ல டிக்கட்டு குடுக்கிற ஜன்னல்ல உக்காந்தாங்க. இருவத்திரண்டு வருசம். உள்ள மத்தவங்க பாடுவாங்க, இவங்க வெளிய டிக்கட்டு கிழிச்சுக் குடுப்பாங்க."

தம்பி வெட்டிய தட்டுகளை மறுநாளே ஒரே ஒருமுறை போட்டுக் கேட்டதோடு சரி. குரல் போனபின் அவற்றைத் திறக்கவேயில்லை. "கேட்டா செத்துருவேன்னு நெனச்சாங்களாம்," என்றார் அந்தப் பெண். இப்போது ஏன் என்று நான் கேட்டேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தே மெதுவாகச் சொன்னார். அதைத் தமிழில் சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "மகனுக்குத்தானாம். அவருக்கு இவங்க பேசாம இருந்ததுதான் தெரியுமாம்."

பதிவுக்குக் குறித்த நாளில் மகன் வரவில்லை. அபுதாபியில் ஒரு கட்டடத்தில் கல் பதிக்கும் வேலையில் தகராறு, போயே ஆகவேண்டும். "பதிவு செய்து அனுப்பிவிடுங்கள். மாலையில் அம்மாவோடு உட்கார்ந்து கேட்கிறேன்," என்று செய்தி அனுப்பினார். வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். தட்டில் வெடிப்புகள் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டிருந்தன. அதனால் சொல்லவில்லை.

அன்று காலை ஒரு டப்பிங் வேலை நடந்திருந்தது. அது முடிந்ததும் அந்த அம்மாளை உள்ளே கூட்டி வந்தோம். காது மந்தம் என்பதால் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போடலாம் என்று முடிவு செய்தேன். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அந்தப் பெண் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் பதிவு பொத்தானை அழுத்தினேன். திரையில் பச்சைக் கோடு அசைவதைப் பார்த்தேன். ஊசியைத் தட்டின்மேல் இறக்கினேன்.

முதலில் மழை பெய்வதுபோல இரைச்சல். அதற்கு அப்பால், எங்கோ தூரத்தில், வாத்தியங்கள். பிறகு அந்தக் குரல் வந்தது.

எனக்கு ஆப்பரா தெரியாது. மொழியும் தெரியாது. மதுரையில் கர்நாடக சங்கீதக் கச்சேரிகளுக்கு ஒலிபெருக்கி கட்டித்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். அதனால் குரலில் எது நிஜம், எது பாவனை என்று ஓரளவு தெரியும். அந்தக் குரல் கேட்ட மாத்திரத்தில் கைமுடி சிலிர்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இருபத்தைந்து வருடத் தொழிலில், பதிவு ஓடும்போது நான் கண்ணை மூடியது அன்றைக்குத்தான்.

நாலரை நிமிடம். பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது சட்டென்று அறுந்தது. தட்டு அவ்வளவுதான். தம்பியின் தட்டில் இடம் தீர்ந்து, கடைசி வரியும் கடைசி உயர்ந்த சுரமும் வெளியே நின்றுவிட்டன. கண்ணைத் திறந்து பார்த்தேன். அந்த அம்மாளின் முகம் முழுக்க ஈரம். ஆனால் உதடு சிரித்துக்கொண்டிருந்தது. ஏதோ சொன்னார்.

"'மடையன்'ங்கிறாங்க சேர்," என்றார் அந்தப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தம்பிய ஏசுறாங்க. கடைசிச் சுரத்தை விட்டுட்டான்னு மறுநாளே சண்டை போட்டாங்களாம். இப்பவும் அதே எடத்துல நின்னு போச்சாம்."

மூன்று பேரும் சிரித்தோம். நான் தட்டைப் பார்த்தேன். ஊசி போன வழியெல்லாம் பூச்சு எழும்பி, சுருண்டு, தூளாகக் கிடந்தது. பரவாயில்லை, நமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர்கள் போன பிறகு பதிவைத் திறந்தேன். இரைச்சல் இல்லை. வாத்தியம் இல்லை. ஒரு மூச்சு கேட்டது. நாற்காலி கிரீச்சிட்டது. மறுபடி மூச்சு. ஹெட்போனின் விளிம்பிலிருந்து கசிந்து வந்த ஏதோ ஒன்று, காதருகே கொசு பறப்பதுபோல.

காலையில் டப்பிங்குக்கு வைத்த மைக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்த வழியை நான் மாற்றவே இல்லை. தட்டிலிருந்து வந்த ஒலி நேராக எங்கள் காதுகளுக்குப் போயிருந்தது. கம்ப்யூட்டரில் பதிவானது அறை. திரையில் நான் பார்த்த பச்சைக் கோடு, அந்த அம்மாள் மூச்சுவிட்ட அசைவு.

ஊசியை மறுபடி தட்டின்மேல் வைத்தேன். வைக்கக்கூடாது என்று தெரிந்தேதான். ஊசி ஒரு சுற்றுகூடப் போகவில்லை. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு செதில் எழும்பி என் மடியில் விழுந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்தாள்.

"போன்ல சொல்லாதீங்க. நேர்ல போய்ச் சொல்லுங்க. நாளைக்கே போங்க."

"என்னன்னு சொல்ல?"

"நடந்ததச் சொல்லுங்க. வேற என்னத்தச் சொல்ல முடியும்?"

அன்று மாலை மகனுக்கு, கோப்பைச் சரிசெய்ய ஒருநாள் ஆகும் என்று செய்தி அனுப்பினேன். அது நான் சொன்ன முதல் பொய்.

மறுநாள் ஜுமேராவில் கடலைப் பார்த்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகன் வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவர் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன். மைக், கண்ணை மூடியது, செதில், எல்லாம். சொல்லி முடித்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறியிருந்தது. பிறகு குனிந்து அந்த அம்மாளின் காதில் பேசினார்.

அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சிரித்தார். என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய மனசா என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பிஸ்கட் டப்பாவைக்கூட என் மடியில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

லிஃப்ட் வரை அந்தப் பெண் கூடவே வந்தார்.

"ரொம்ப நல்லவங்க. கோபமே படலையே," என்றேன்.

அவர் லிஃப்ட் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் சொல்லல சேர்."

"என்ன?"

"நல்லா வந்திருக்கு, தெளிவா இருக்கு, அதச் சொல்லத்தான் வந்தீங்கன்னு சொன்னேன்."

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க? அவங்க மகன் கேப்பாரே!"

"நீங்க சொல்லிட்டு லிஃப்ட்ல எறங்கிப் போயிருவீங்க. நான்தான் ராப்பகலா அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணும். நேத்து எத்தன தடவ சிரிச்சாங்க தெரியுமா? பதிமூணு வருசத்துல நான் அப்படிப் பாத்ததில்ல. என்னால சொல்ல முடியாது சேர். என் வாயால வராது."

லிஃப்ட் வந்து, திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டது. அவர் அழுதார். எனக்கு அவரைக் கோபிக்கவும் முடியவில்லை.

மகனிடம் நான்தான் சொன்னேன். அன்றைக்கே, அவர் அலுவலகத்துக்கு நேரில் போய். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேஜைமேல் கிடந்த பளிங்கு மாதிரித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "பதிவானது எதுவோ, அதைக் கேட்கிறேன்," என்றார்.

கூடத்துக்கு வந்து அம்மாள் உட்கார்ந்த அதே அறையில் உட்கார்ந்தார். மூச்சு. கொசு ரீங்காரம். நடுவில் அந்த அம்மாள் காற்றுக்குரலில் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. என்ன என்று கேட்டேன். "'மெல்ல, மெல்ல... இப்போது' என்கிறார். தனக்கே சொல்கிறார்," என்றார். கடைசியில் சிரிப்பு வந்தபோது கையால் நெற்றியை மூடிக்கொண்டார்.

"இரண்டு தட்டு என் கிடங்கில் போனது. ஒன்று உங்களிடம் போனது," என்றார். "அம்மாவிடம் உண்மையைச் சொல்லவேண்டாம். கேட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அவருக்கு அது போதும். கலாஸ், அத்தோடு முடிந்தது."

நான் தலையாட்டினேன். பாட்டு பாதியில் அறுந்துபோனதை, கடைசிச் சுரம் அந்தத் தட்டில் இல்லவே இல்லை என்பதை, அவரிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பிழையிலேயே மூழ்கிக் கிடந்தேன். பதிவிலிருந்த 'மடையன்' என்ற வசவு அவருக்கும் கேட்டது. யாரை, எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று மாலை நடந்ததை அந்தப் பெண் பிறகு எனக்குச் சொன்னார். மகன் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "கேட்டேன் அம்மா," என்றாராம். அம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். எப்படி இருந்தது என்று கேட்டாராம். அழகு, ரொம்ப அழகு என்றாராம் மகன். இத்தனை வருடம் காத்திருந்த அம்மாளுக்கு அது போதவில்லை. எந்த இடம், என்று கேட்டாராம்.

மகன் ஒரு கணம் யோசித்துவிட்டு, "முடிவு. அந்தக் கடைசி உயர்ந்த சுரம். அதை நீங்கள் பிடித்து நிறுத்தினீர்களே, அதுதான்," என்றாராம்.

"அம்மா அவரு தலைய தடவிக் குடுத்தாங்க. களைப்பா இருக்கு, போய்ச் சாப்புடுன்னு சொன்னாங்க. அவரு ரூமுக்குப் போனதும் என்னயக் கூப்பிட்டாங்க. 'அவன் கேக்கல, இல்ல?'ன்னு மட்டும்தான் கேட்டாங்க. நான் அவங்க கால்ல விழுந்துட்டேன்."

இரண்டு நாள் அந்த அம்மாள் அந்தப் பெண்ணோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என்னை அழைத்துவரச் சொன்னார்.

இந்தமுறை அந்தப் பெண் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சொல்லச் சொல்ல அந்த அம்மாளின் முகம் மாறிக்கொண்டே வந்தது. நான் முடித்ததும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுதார். தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. அந்தத் தொண்டையில் அழுகைக்கும் சத்தம் மிச்சமில்லை. நான் மன்னிக்கச் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலை அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"பரவால்லன்னு சொல்லமாட்டாங்களாம். பரவால்லன்னு சொன்னா அது பொய்யாம். அது ஒண்ணுதான் இருந்துச்சாம்."

நான் எழுந்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கேட்டது என்ன என்று சொல்லச் சொன்னார். ஆரம்பத்திலிருந்து. எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். முதலில் குரல் கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவது வரிக்கு முன்னால் அவர் மூச்சை இழுத்தது கேட்டது. பிறகு ஓர் இடத்தில் எல்லா வாத்தியமும் நின்று குரல் மட்டும் தனியாக இறங்கி வந்தது, கைப்பிடி இல்லாத படியில் இருட்டில் ஒருத்தி இறங்குவதுபோல.

அங்கே அவர் கையை உயர்த்தினார். "நடுக்கம் இல்லையாம் சேர்," என்றார் அந்தப் பெண். "மேடையில குளிராம். படின்னு சொன்னது சரியாம். அந்த எடத்துல அவங்க நெசமாவே பயந்தாங்களாம்."

பிறகு அந்த அம்மாள் ஒன்று கேட்டார். நான் அவருக்குச் சொன்ன இதே வார்த்தைகளை அவருடைய மகனிடம் சொல்லவேண்டும். இப்போது அதைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். தானே தன்னைப்பற்றிச் சொன்னால் அது பெருமை பேசுவதாகிவிடும். சுவரோரம் உட்கார்ந்திருந்த இவள் காதில் எதுவும் விழவில்லை. ஆகவே நான்தான்.

சரி என்றேன். மகனை இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டேன். வேலையாக இருக்கிறேன், பிறகு பேசலாம் என்றார். மூன்றாம் தடவை எடுக்கவில்லை. தன் பொய் வெளிப்பட்டது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. என்னைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை, அதைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது.

நுரையீரலில் சளி கட்டி அந்த அம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் சொன்ன அன்று நான் ஒரு விளம்பரத்துக்காக மஸ்கட்டில் இருந்தேன். ரூவியில் ஒரு ஓட்டல் அறையில் உட்கார்ந்து, நாளை திரும்பியதும் போய்விட வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். நான் திரும்புவதற்கு முன்பே அந்த அம்மாள் போய்விட்டார்.

தேவாலயத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒரு பையன் கீபோர்டு வாசித்தான். அந்தப் பெண் முன்வரிசையில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உடலை இத்தாலிக்குக் கொண்டுபோகக் காகிதங்கள் தயாராக ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரத்தில் ஒருநாள் காலை, மகன் கராமாவுக்கு என்னைத் தேடி வந்தார். வீட்டுக்கு வரமாட்டேன் என்றார். தெருமுனை உணவகத்தில் மூலை மேஜையில் உட்கார்ந்தோம். சுற்றிலும் இட்லி தட்டுகளும் வேலைக்குப் போகிறவர்களின் அவசரமும். அவர் டீயைத் தொடவில்லை.

"உங்களிடம் ஏதோ சொல்லச் சொன்னாராம்," என்றார்.

எனக்கு ஆங்கிலம் தொழிலுக்குத் தேவையான அளவுதான் வரும். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். இரைச்சல், தூரத்து வாத்தியங்கள், மூச்சு, குளிர், அந்தப் படிகள். குரல் எவ்வளவு உயரம் என்று காட்ட, உட்கார்ந்தபடியே மேஜைக்கு மேலே கையைத் தூக்கினேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். முனகிக் காட்டவும் முயன்றேன். என் தொண்டையில் அது அசிங்கமாக வந்தது. நிறுத்திவிட்டேன். கடைசிச் சுரம் தட்டில் ஏன் இல்லை என்பதையும், 'மடையன்' என்ற வசவு தாய்மாமனுக்கானது என்பதையும் சொன்னேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு முறை சொல்லுங்கள்," என்றார்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அந்தப் பெண்ணின் விசாவை ரத்து செய்து அடுத்த மாதமே ஹட்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போதாவது வாட்ஸாப்பில் குரல்செய்தி அனுப்புவார். மகனும் தொழிலை விற்றுவிட்டு இத்தாலிக்கே போய்விட்டார். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை அவரிடமிருந்து தொலைபேசி வரும். நலம் விசாரித்துவிட்டுக் கொஞ்சம் தயங்குவார். எனக்குத் தெரியும், எதற்கு என்று. சொல்வேன்.

போனமாதம் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு சந்தேகம் வந்தது. வாத்தியங்கள் எல்லாம் நின்றது மூச்சுக்கு முன்னாலா, பின்னாலா? கண்ணை மூடிப் பார்த்தேன். நான் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள்தான் வந்தன, குரல் வரவில்லை. அவர் மறுமுனையில் காத்துக்கொண்டிருந்தார். பின்னால் என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவர் அதையும் நம்பி, நன்றி என்றார்.